மணத்தக்காளியைப் பிடுங்கியவள்

எங்கள் வாய்க்காலோரத்தில் களையெடுக்கப் போகும் பெண் தவறிப்போய் ஒரு மணத்தக்காளிச் செடியைப் பிடுங்கிவிட்டால் அன்று முழுக்க அவளை விடமாட்டார்கள். "நாக்கை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியாடி?" என்பார்கள். யாரும் விதைக்காத கீரை அது. பறவை போட்டுவிட்டுப் போனது. கோரையையும் புல்லையும் வேரோடு கெல்லி எறிகிற மண்வெட்டி அதன் அருகில் வந்ததும் வளைந்து போகும். தக்காளி வரிசைக்கு நடுவில் முளைத்திருந்தாலும் அதற்கு இடம் விட்டுத்தான் மண் அணைப்பார்கள்.

ருவாம்பாவின் வயலில் அது மற்ற எவர் வயலையும்விடக் கொழுத்து நின்றது. எங்கள் பெண்கள் முறை வைத்து ஒருவர் வயலில் ஒருவர் வேலை செய்வார்கள். கூலி கிடையாது. பொழுது சாய்ந்து கிளம்பும்போது வயல்காரி ஆளுக்கொரு கட்டுக் கீரை அறுத்துக்கொள்ளச் சொல்வாள், அவ்வளவுதான். ருவாம்பாவின் முறை வரும் நாளில் ஒருத்திக்கும் காய்ச்சல் வராது.

அவளை எம்பு என்ற ஊர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவன் இன்னொருத்தியை வீட்டுக்குள் கூட்டி வந்தபோது, ஒரு தகரப்பெட்டியையும் நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் பேசினையும் எடுத்துக்கொண்டு பிறந்த ஊருக்கு வந்துவிட்டாள். அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். நிலம் தம்பி கச்சோகியிடம் இருந்தது. அவன் கெட்டவன் இல்லை. வாய்க்காலுக்கும் தன் சோளத்துக்கும் நடுவில் கிடந்த நீளத் துண்டைக் காட்டி, "விளையுற வரைக்கும் வச்சுக்கோக்கா" என்றான். அந்தச் சொல்லுக்குள் ஓர் எல்லை இருந்ததை அன்று யாரும் கவனிக்கவில்லை.

முதல் போகத் தக்காளியைச் செம்பேன் தின்றது. இரண்டாவதையும் தின்றது.

அது தின்கிற விதம் மெதுவானது. முதலில் அடி இலைகளில் ஊசி குத்திய மாதிரி வெளிறிய புள்ளிகள். பூச்சி ஒன்றும் கண்ணில் படாது. எல்லாம் இலைக்குக் கீழே இருக்கும். பிறகு இலை பித்தளை நிறமாகும். ஒரு வெயில் வாரம் போதும், செடிக்குச் செடி மெல்லிய நூல் கட்டி, வயலே அழுக்கு மஸ்லின் துணியைப் போர்த்திக்கொண்டு நிற்கும். கொழுந்து நுனிகளில் துரு படிந்தாற்போல் ஒரு சிவப்பு. அந்தத் துரு நகரும். காற்றடித்தால் நூலோடு பறந்து அடுத்த வயலுக்குப் போகும்.

ருவாம்பா கடையில் கொடுத்த மருந்தையெல்லாம் அடித்தாள். அடித்த மறுநாள் வயல் சுத்தமாக இருக்கும். அடுத்த வாரம் முன்னைவிட அதிகமாக இருக்கும்.

இரண்டாவது பயிரும் போன பிறகு ஒரு நாள், நான் சார்ஜ் போட்ட கச்சோகியின் செல்போனைத் திருப்பிக் கொடுக்க அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்தான் எங்கள் வீடு. அக்காவும் தம்பியும் சோளமாவுக் களியான உகாலியை உருட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, தப்பா நினைக்காத. அடுத்த போகமும் இப்படியே போச்சுன்னா, மார்ச்ல டிராக்டர் வர்றப்ப அந்தத் துண்டையும் சேத்து உழுதுடறேன். உனக்குச் சோளம் தரேன். சாப்பாட்டுக்குக் குறை வைக்கமாட்டேன்."

"சாப்பாடு கேட்டேனா உன்கிட்ட?"

"கேக்கல. கேக்க வேண்டி வரக்கூடாதுன்னுதான் சொல்றேன்."

"இன்னும் ஒரு போகம் இருக்குல்ல? முடியட்டும். அப்புறம் பேசு."

அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள். கோபத்தில் சோற்றை விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை.

செப்டம்பர் வெயில். தக்காளிச் செடிகளைக் குவித்து எரித்தாயிற்று. மொட்டை வயலில் மணத்தக்காளி மட்டும் அங்கங்கே பச்சையாக நின்றது. ருவாம்பா மடியில் கொஞ்சம் பறித்து வந்து, வாய்க்கால் கரையில் எனாமல் பேசினில் அலசினாள். பிறகு நெடுநேரம் குனிந்தபடியே இருந்தாள்.

"தம்பி! உனக்கு இளங்கண்ணு. இங்க வந்து இதைப் பாரு."

போய்ப் பார்த்தேன். வெள்ளை பேசினில், தண்ணீருக்கு மேலே, சிவப்பாகப் பொடி மிதந்தது.

"மிளகாய்த் தூள் மாதிரி இருக்கு" என்றேன்.

"மிளகாய்த் தூளுக்கு எப்பய்யா கால் முளைச்சுது?"

உண்மைதான். விளிம்பைத் தொட்டவை நீலக் கோட்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தன.

அவள் கீரையைப் போட்டுவிட்டு வயலுக்குள் நடந்தாள். ஒவ்வொரு செடியாக இலையைப் புரட்டிப் பார்த்தாள். கடைசிச் செடி அருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தக்காளியை எரிச்சுட்டு நிம்மதியா இருந்தேன். இதுக இங்க உக்காந்துக்கிட்டு நான் மறுபடி எப்ப நடுவேன்னு பாத்துட்டு இருக்கு. ரெண்டு போகமா நானே சோறு போட்டு வளத்திருக்கேன்."

அடுத்த சந்தை நாளில், மூடிபோட்ட தகர டப்பாவோடு ருவாம்பா காகியோ ஊர்ச் சந்தைக்கு வந்தாள். அங்கே வாட்ச் ரிப்பேர் செய்யும் கின்யுவாவின் பெட்டிக்கடையை ஒட்டித்தான் நான் செல்போன் சார்ஜ் போடும் பலகை வைத்திருக்கிறேன். கின்யுவா ஒற்றைக் கண்ணில் கண்ணாடியைச் சொருகிக்கொண்டு, உலகத்தில் மிச்சமிருக்கும் கடைசி கைக்கடிகாரங்களை நோண்டிக்கொண்டிருப்பவர்.

"அண்ணே, இதை அந்தக் கண்ணாடியில பாத்துச் சொல்லு."

"இலையில என்னம்மா ரிப்பேர்?" என்று வாங்கிக் குனிந்தவர், சட்டென்று தலையை இழுத்துக்கொண்டார். "அட கடவுளே! முதுகுல முடி வேற! இதையா நாம தின்னுக்கிட்டிருக்கோம்?"

"தின்னு செத்தவன் இல்ல. எத்தனை காலு?"

"எட்டு. சின்னதா ஒண்ணு போகுது, அதுக்கு ஆறுதான். இரு, பக்கத்துல மணி மணியா, கண்ணாடி உருண்டை மாதிரி... முட்டை! முட்டைம்மா இது!"

அன்றிலிருந்து அவருடைய கடையில் ஓர் இலை குடியிருந்தது. வெறுமனே வைத்தால் காய்ந்துவிடுகிறது என்று மூடி ஒன்றில் ஈரப்பஞ்சு பரப்பி அதன்மேல் இலையை வைத்தார். ஈரத்தைத் தாண்டி அவை ஓடவில்லை. சந்தைக்குச் சந்தை ருவாம்பா வந்து கேட்பாள். கின்யுவா வாடிக்கையாளரைக் காக்க வைத்துவிட்டு விவரம் சொல்வார். உருண்டை வெடித்து ஆறு கால் குஞ்சு வந்தது. குஞ்சு அசையாமல் கிடந்து, சட்டையைக் கழற்றிப் போட்டு எட்டுக் காலோடு எழுந்தது. மறுபடி அசையாமல் கிடந்தது, மறுபடி சட்டை. மூன்றாம் சட்டையைக் கழற்றியதும் முட்டை போடத் தொடங்கியது. வெயில் நாளில் எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. மேகம் போட்ட நாட்களில் சோம்பிக் கிடந்தன.

"ஒத்தையா ஒண்ணைப் பிரிச்சு வச்சேன்மா. புருஷன் கிருஷன் யாரும் இல்ல. அதுபாட்டுக்கு முட்டை போட்டுட்டு இருக்கு."

"என்னைப் பாத்துச் சொல்றியா?"

"ஐயையோ, பேனைச் சொன்னேன் தாயி!"

அவள் அன்றுதான் சிரித்தாள். பிறகு பையிலிருந்து, போன போகத்தில் மிஞ்சிய மருந்துப் புட்டியை எடுத்தாள். "இதுல ஒரு சொட்டு விடு."

சொட்டு விழுந்தது. நடந்தவையெல்லாம் சுருண்டன. கின்யுவா மேசையைத் தட்டினார். "ஒழிஞ்சுது!"

"முட்டை?"

அவர் மறுபடி குனிந்தார். "அது அப்படியே பளபளன்னு இருக்கு."

அடுத்த சந்தையில் அந்த இலை முழுக்க ஆறு கால் குஞ்சுகள் நடந்தன. ருவாம்பா கண்ணாடியை வாங்கி, தானே பார்த்தாள். கின்யுவாவிடம் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை. ஒரு கணக்கு நேராகிவிட்ட முகம்.

"சரி. வந்தப்புறம் அடிச்சு மாளாது. வர்றதுக்கு முன்னாடி வீட்டை இடிக்கணும்."

அக்டோபரில் முதல் மழை விழுந்து, நிலத்தைத் தயார் செய்ய அவள் முறை வந்தது. பெண்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். ருவாம்பா வரப்பில் நின்று சொன்னாள்: "இன்னைக்கு மணத்தக்காளியையும் சேத்துப் பிடுங்கணும். ஒண்ணு விடாம."

பெண்கள் மண்வெட்டிகளைத் தரையில் ஊன்றினார்கள்.

"வெயில்ல மூளை குழம்பிருச்சா இவளுக்கு?" என்றாள் ஒருத்தி.

"அப்ப சாயங்காலம் நாங்க என்னத்தைக் கொண்டு போறது? உன் மூஞ்சியையா?"

ருவாம்பா பேசினைக் கொண்டுவந்து ஓர் இலையை அலசிக் காட்டினாள். ஒவ்வொருத்தியும் எட்டிப் பார்த்தாள். "எங்கம்மாவும் இதைத் தின்னாங்க, நானும் தின்னேன். எனக்குப் பத்துப் பிள்ளை" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"உங்க வயித்துக்கு ஒண்ணும் ஆகாது. என் தக்காளிக்குத்தான் ஆகுது" என்றாள் ருவாம்பா. "வரப்பு முழுக்கத் தண்டுக்கீரை விதைக்கப் போறேன். அடுத்த தடவை அதை அறுத்துட்டுப் போங்க."

"தண்டுக்கீரையா? எங்க வீட்டு மாடு சந்தோஷப்படும்."

அவர்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அன்றும் அடுத்த நாட்களிலும் அவள் தனியாக அந்த நீளத் துண்டைக் கொத்தினாள். செடியைப் பிடுங்கி உதறாமல், வாயகன்ற சாக்குக்குள் மெல்ல இறக்கிக் கட்டி, மேட்டில் போட்டு எரித்தாள். பழுத்த கறுப்புப் பழங்கள் உதிர்ந்து கிடந்த இடங்களில், மழைக்குப் பிறகு மறுபடி முளைத்தவற்றை விரலால் கிள்ளினாள். வாய்க்கால் கரையில் நின்றவற்றையும் விடவில்லை. எங்கள் வீட்டு வேலியோரம் ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் வந்து நின்று என்னைப் பார்த்தாள். நானே பிடுங்கிக் கொடுத்தேன். அம்மா அன்று என்னோடு பேசவில்லை.

மிச்சம் இருந்தது வமைதாவின் பாத்தி.

வமைதா கச்சோகியின் மனைவி. எல்லைக்கு அந்தப் பக்கம், காற்று வருகிற திசையில், மணத்தக்காளியை விதைத்தே வளர்த்து, கட்டு கட்டிச் சந்தையில் விற்பவள். நாத்தனார் வந்து நின்றதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, உங்க வயலுக்காக என் அடுப்பை அணைக்கச் சொல்றீங்களா?"

"அணைக்க வேணாம். இடம் மாத்து. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி போடு. காத்து அங்கருந்து என் பக்கம் வராது."

"அங்க தண்ணி ஏது? வாய்க்கால்லருந்து யாரு சுமக்குறது?"

"நான் சுமக்குறேன்."

வமைதா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தினமுமா?"

"தினமும்."

"ஒரு நாள் செடி வாடினாலும் நான் பழைய இடத்துல விதை போட்டுடுவேன். அப்புறம் அழக்கூடாது."

"அழுதா வந்து பாரு."

இப்படித்தான், தன் நிலம் போனால் லாபமடையப் போகிறவளுடைய கீரைக்கு ருவாம்பா மஞ்சள் கேனில் தண்ணீர் சுமக்கத் தொடங்கினாள். கொட்டகை மேட்டில் இருந்தது. ஏறும்போது இடுப்பில் சுற்றிய லேசோத் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு, வாயால் மூச்சு விடாமல் ஏறுவாள். வமைதா சில நாள் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டாள். ஒரு காலையில் படிக்கட்டில் தேநீர்க் கோப்பை ஒன்று மூடி வைக்கப்பட்டிருந்தது. ருவாம்பா குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

நவம்பரில் நாற்று நட்டாள். தண்டுக்கீரை வரப்பில் சிவப்பும் பச்சையுமாக எழுந்தது. மாட்டுக்கு என்று சொன்னவள்தான் முதலில் வந்து ஒரு கட்டு கேட்டாள். கேட்டவளிடம் ருவாம்பா மண்வெட்டியை நீட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக முறை மீண்டும் நடக்கத் தொடங்கியது. வயலுக்குள் இறங்கும் முன் மேல்துணியை வாய்க்காலில் உதறி அலசச் சொன்னாள். "கோயிலுக்குப் போறப்பகூட இவ்வளவு குளிச்சதில்ல" என்று முனகிக்கொண்டே அலசினார்கள்.

ஜனவரி வந்தது. வானத்தில் துண்டு மேகம் இல்லை. கிரின்யாகா மலையின் வெள்ளை உச்சி காலையில் தெரிந்துவிட்டு, வெயில் ஏறியதும் காணாமல் போகும். சாலைப் புழுதி இலைகளில் படிந்தது. இரு பக்கத்து வயல்களிலும் மருந்துத் தெளிப்பான்கள் ஓயவில்லை; ஆனாலும் அங்கே பித்தளை நிறம் பரவிக்கொண்டிருந்தது. ருவாம்பாவின் தக்காளி பச்சையாக நின்றது. காய்கள் கொத்துக் கொத்தாக இறங்கியிருந்தன. தினமும் வரிசை வரிசையாகக் குனிந்து அடி இலைகளைப் புரட்டுவாள். புழுதி படிந்த இலைகளின் அடியில் தண்ணீரை வாரி அடிப்பாள்.

ஒரு காலை, புரட்டிய கை நின்றுவிட்டது. ஊசிப் புள்ளிகள். கொட்டகைப் பக்கத்துப் பாதை வயலுக்குள் இறங்குகிற மூலையில்.

நான் கரையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அவள் அந்த இலையைப் பார்த்தாள், பாதையைப் பார்த்தாள், பிறகு இடுப்பில் கட்டியிருந்த தன் லேசோவைப் பார்த்தாள். அதை அவிழ்த்து வெள்ளை பேசினில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

சிவப்புப் பொடி மிதந்தது.

"நானேதான்" என்றாள். "விடிஞ்சதும் வமைதா கீரைக்கு ஊத்துறேன். அங்க உரசிட்டு அப்படியே இங்க இறங்குறேன். ஊருக்கெல்லாம் துணி அலசச் சொன்ன நாக்கு!"

கச்சோகி செய்தி கேட்டு ஓடி வந்தான். கையில் புது மருந்து டப்பா. அவனுக்கும் அந்த வயல் மேல் ஆசை வந்திருந்தது. நின்ற பயிர் யாரையும் இளக்கிவிடும். "அடிச்சுடுக்கா. இப்பவே அடிச்சா புடிச்சுடலாம்."

"முட்டை சாகாது கச்சோகி. அதைத் தின்னுற கறுப்பு வண்டுதான் சாகும். மிளகுத் தூள் மாதிரி இருக்கு பாரு, கின்யுவா அண்ணன் கண்ணாடியில காட்டினாரு. அது என் ஆளு."

"அப்ப என்ன பண்ணப் போற?"

அவள் சாக்கை விரித்தாள். முதல் செடியை வேரோடு மெல்லப் பிடுங்கி உள்ளே இறக்கினாள். கனமான பச்சைக் காய்கள் சாக்குக்குள் இடித்துக்கொண்டன. புள்ளி விழுந்த செடிகள் முடிந்தன. அவள் நிறுத்தவில்லை. அடுத்த வரிசைக்குப் போனாள்.

"அக்கா, இது நல்லாத்தானே இருக்கு!"

"நல்லா இருக்கிற மாதிரி இருக்கு."

அதற்கடுத்த வரிசை. கச்சோகி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "போதும்! காயோட பிடுங்கறியே, பைத்தியமா உனக்கு? இப்படியே போனா நான் உழவேண்டிய வேலையே இல்ல, நீயே மொட்டை அடிச்சிடுவ!"

அவள் கையை உதறவில்லை. அவன் விடும்வரை காத்திருந்தாள். "நீ முழுசா எடுத்துக்கறதுக்கு முன்னாடி நான் கொஞ்சம் எடுத்துக்கறேன். தள்ளு."

அவன் விட்டான். பிறகு அடுத்த சாக்கின் வாயை அகலமாகப் பிடித்துக்கொண்டான்.

அந்த மூலை முழுவதும் எரிந்தது. பச்சைத் தக்காளி வெந்த வாசனை மத்தியானம்வரை எங்கள் வீட்டுக்குள் இருந்தது. மறுநாளிலிருந்து ருவாம்பா வரிசையை மாற்றினாள்: விடிந்ததும் முதலில் தக்காளி, அது முடிந்த பிறகு, வேறு துணி மாற்றிக்கொண்டு, வெயிலில் மேடேறி வமைதாவின் கீரை. ஒரு நாளும் தவறவில்லை. மூலைக்கு அடுத்த வரிசைகளில் மறுபடியும் இரண்டொரு முறை புள்ளி கண்டது. கண்டதைப் பிடுங்கினாள். கறுப்பு வண்டுகள் பெருகின. பேன் அந்த வரிசைகளைத் தாண்டவில்லை.

பிப்ரவரி முழுக்க அவள் தக்காளி மரப்பெட்டிகளில் ஏறி, மோட்டார் சைக்கிள்களில் கட்டப்பட்டு, காகியோவுக்குப் போயிற்று. மூலையில் மட்டும் சாம்பல் திட்டு. கின்யுவாவுக்கு ஒரு கூடை வந்தது. அவர் ஒரு பழத்தைக் கண்ணில் கண்ணாடி சொருகியே தின்றார்.

மார்ச்சில், மழைக்கு முன்னால், டிராக்டர் வந்தது. கச்சோகியின் சோள நிலத்தை மேலிருந்து கீழாக உழுதுகொண்டே வந்து எல்லையில் உறுமி நின்றது. ருவாம்பா காய்ந்த தக்காளிச் செடிகளை எரித்து முடித்து, கையில் குச்சியோடு நின்றுகொண்டிருந்தாள். ஓட்டுநர் மேலிருந்து கத்தினான்: "இந்தத் துண்டும் சேத்துத்தானே? போன தடவையே சொன்னீங்க!"

கச்சோகி அக்காவின் பக்கம் திரும்பவில்லை. வாய்க்காலைப் பார்த்தபடி சொன்னான்: "இல்ல. அங்கயே திருப்பு."

"நேரா போனா எனக்கு வேலை சுளுவுங்க."

"அது எங்கக்கா நிலம்யா. உழணுமா வேணாமான்னு அவங்களைக் கேளு."

ஓட்டுநர் அவளைப் பார்த்தான். ருவாம்பா டிராக்டரைச் சுற்றி வந்தாள். கலப்பைப் பற்களில் பச்சைக் கொடிகளும் இலைகளும் சுற்றியிருந்தன. ஒன்றை உருவி எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். மணத்தக்காளி.

"உழணும்" என்றாள். "ஆனா எங்கெங்கயோ போயிட்டு வந்திருக்க. முதல்ல கலப்பையைக் கழுவு."

"என்னது, டிராக்டரைக் குளிப்பாட்டணுமா?" ஓட்டுநர் சிரித்தான். "இந்த ஊருல எங்கயும் இப்படிக் கேட்டதில்லையே!"

"இந்த நிலத்துல கேப்பாங்க" என்றான் கச்சோகி. மஞ்சள் கேனை எடுத்துக்கொண்டு, கால்சட்டையை மடித்துவிட்டு, அவனே வாய்க்காலில் இறங்கினான்.